மலைப் பறவையின் ரத்தத்தில் வாழ்பவை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைக்ரோஸ்கோப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு, மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளின் ரத்த ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றி, அவற்றில் என்ன ஒட்டுண்ணி இருக்கிறது என்று தேடுவதுதான் என் வேலையாக இருந்தது. இது தெரிந்ததும் மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர்கள், பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள், எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பறவை பார்க்கப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாரும் சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

"பறவைக்குக்கூட மலேரியா வருமாக்கா?"

வரும். மனிதனுக்கு மலேரியா தரும் பிளாஸ்மோடியம் என்ற பேரினத்திலேயே பறவைகளுக்கென்று தனி இனங்கள் இருக்கின்றன. அதற்கு இரண்டு நெருங்கிய உறவுகளும் உண்டு: ஹீமோபுரோட்டியஸ், லூக்கோசைட்டோசூன். மூன்றுமே ஒற்றைச் செல் உயிர்கள். மூன்றுமே பறவையின் உடம்பில் பாதி வாழ்க்கையும் ஏதோ ஒரு பூச்சியின் உடம்பில் மீதி வாழ்க்கையும் வாழ்கின்றன. பூச்சி இல்லாமல் ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. கண்டிப்பான அர்த்தத்தில் பிளாஸ்மோடியத்தால் வருவதைத்தான் மலேரியா என்கிறோம்.

இவற்றை மனிதன் பார்த்து ரொம்ப நாளாகிறது. அல்ஜீரியாவில் லவரான் மனித ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது 1880-ல். அடுத்த சில வருடங்களிலேயே, உக்ரைனின் கார்கிவ் நகரில் டானிலெவ்ஸ்கி பறவைகளின் ரத்தத்தில் இவற்றைப் பார்த்துவிட்டார்.

"அப்போ மாடியில இருக்கற புறா கிட்டேர்ந்து என் பொண்ணுக்கு வந்துடுமா?"

வராது. பறவையின் மலேரியா ஒட்டுண்ணிகள் மனித ரத்தத்தில் வளர்வதில்லை. நமக்கு வருபவை வைவாக்ஸ், ஃபால்சிபாரம் போன்ற வேறு இனங்கள். சென்னையில் காலங்காலமாக அதிகம் இருப்பது வைவாக்ஸ். அதைப் பரப்புவது மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி கொசு. ஆகவே பயப்பட வேண்டியது மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த புறா எச்சத்தின் தூசியால் நுரையீரலைப் பிடிக்கும் வேறு நோய்கள் வரலாம். கூண்டு சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், எச்சத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுரண்டுங்கள்.

"புறா இறகுக்குள்ள ஓடுமே அந்தத் தட்டை ஈ, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

நல்ல கேள்வி. புறா வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் அந்த ஈயைத் தெரியும். தட்டையாக இருக்கும், இறகுக்கு நடுவே பக்கவாட்டில் ஓடும், விரலால் நசுக்கினாலும் லேசில் சாகாது. பெயர் சூடோலிஞ்சியா கேனரியென்சிஸ். புறாவின் ரத்தத்தில் வாழும் ஹீமோபுரோட்டியஸ் கொலம்பே என்ற ஒட்டுண்ணியை இதுதான் கொண்டுபோகிறது. 1906-லேயே அல்ஜீரியாவில் செர்ஜன்ட் சகோதரர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். பெரிய புறாக்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குஞ்சுகள்தான் இளைத்துப்போகும்.

இந்த ஈ முட்டை போடாது. வயிற்றுக்குள்ளேயே புழுவை வளர்த்து, வெளியே விட்டதும் அது கூட்டுப்புழுவாகிக் கூண்டின் குப்பையில் கிடக்கும். அதனால் பறவைக்கு மருந்து தடவினால் மட்டும் போதாது, கூண்டின் அடிக்குப்பையையும் மாற்ற வேண்டும். மலைப் பறவைகளைப் பற்றிப் பேசும்போதும் இதே பாடம் வரும்: ஒட்டுண்ணியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது ஏறிவரும் பூச்சி எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"இதைக் கண்டுபிடிச்சது ரொனால்ட் ராஸ்தானே?"

ஒட்டுண்ணியை அல்ல, அது பரவும் வழியை. ராஸ் 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மெட்ராஸ் மாகாணத்தில்தான் வேலையைத் தொடங்கினார். 1897-ல் ஊட்டிக்குக் கீழே சிகூர் மலைப்பாதையில் காய்ச்சலைப் பற்றி ஆராயப் போய், அவருக்கே மலேரியா வந்துவிட்டது. அதே வருடம் ஆகஸ்ட் மாதம் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மனித மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்தார். ஆனால் கொசு கடித்து நோய் பரவுகிறது என்பதை அவர் முழுதாக நிரூபித்தது 1898-ல், கல்கத்தாவில், பறவைகளை வைத்து. கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிவரை ஒட்டுண்ணியைத் தொடர்ந்து, அந்தக் கொசுக்களைக் கடிக்கவிட்டு, நல்ல சிட்டுக்குருவிகளுக்கு நோய் வரவழைத்துக் காட்டினார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்குக் கொசு பிடித்தும் வளர்த்தும் கொடுத்த முகமது பக்ஷின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1897-லேயே கனடாவில் மெக்கல்லம் என்ற மருத்துவ மாணவர், காக்கையின் ரத்தத்தில் ஹீமோபுரோட்டியஸின் ஆண் நிலை பெண் நிலையோடு சேர்வதைக் கண்ணால் பார்த்திருந்தார். மலேரியா அறிவின் முக்கியமான பக்கங்கள் பறவை ரத்தத்தில்தான் எழுதப்பட்டன. நம் பாடப்புத்தகங்களில் சிட்டுக்குருவிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

"இங்கேயே காக்கா, மைனா எல்லாம் இருக்கே. மலைக்கு ஏன் போகணும்?"

காக்கையிலும் மைனாவிலும் பார்க்க நிறைய இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் வெப்பமண்டல மலையில் சில கிலோமீட்டர் ஏறினாலே தட்பவெப்பம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 6 டிகிரி குளிர்கிறது. பூச்சியின் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்ற பறவை மலேரியா ஒட்டுண்ணி, சுமார் 13 டிகிரிக்குக் கீழே கொசுவுக்குள் வளர்வதையே நிறுத்திவிடுகிறது. மறுபக்கம், லூக்கோசைட்டோசூனைக் கொண்டுபோகும் கருப்பு ஈக்களுக்குத் தெளிந்த, வேகமாக ஓடும் ஓடை வேண்டும். கொலம்பியாவின் ஆண்டிஸ் மலையில் லூக்கோசைட்டோசூன்கள் குளிர்ந்த உயரங்களில்தான் அதிகம் கிடைக்கின்றன. ஒரே மலையில் கீழே ஒரு கூட்டம், மேலே இன்னொரு கூட்டம்.

நம் சோலைக் காடுகளில் இன்னொரு விசேஷம். நீலகிரிக்கும் ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிறது. உச்சிச் சோலைகளிலேயே வாழும் பறவைகள் அந்த வெயில் நிலத்தைத் தாண்டுவதில்லை. அதனால் வடக்கே நீலகிரி சோலைக்கிளி, தெற்கே வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி என்று தனித்தனி இனங்கள் ஆகிவிட்டன. பெயரில்தான் கிளி, உண்மையில் நீல நிறச் சின்னப் பறவைகள். நீலகிரிச் சிரிப்பானும் பழனிச் சிரிப்பானும் இப்படிப் பிரிந்தவைதான். இந்தச் சோலைக்கிளிகளுக்கும் சிரிப்பான்களுக்கும் 2017-ல்தான் ஷோலிகோலா, மான்டிசின்க்ளா என்று புதிய பேரினங்களே உருவாக்கினார்கள். பறவை பிரிந்த இடத்தில் அதன் ரத்தத்தில் வாழ்வதும் பிரிந்ததா, அல்லது வெள்ளைக்கண்ணி போல எங்கும் திரியும் பறவைகள் வழியாக அது கணவாயைத் தாண்டிவிட்டதா? இந்தக் கேள்விதான் என்னை இந்த வேலையில் பிடித்து வைத்தது.

"பிடிச்சு ரத்தம் எடுத்தா அந்தச் சின்னப் பறவை செத்துடாதா?"

முறையாகச் செய்தால் பறவைக்கு ஆபத்து மிகவும் குறைவு. மெல்லிய நூல்வலையை மரங்களுக்கு நடுவே கட்டி, அடிக்கடி போய்ப் பார்ப்பார்கள். மாட்டிய பறவையைத் துணிப்பைக்குள் விட்டால் இருட்டில் அமைதியாகிவிடும். இறக்கையின் உள்பக்க நரம்பில் மெல்லிய ஊசியால் ஒரு குத்து, தந்துகிக் குழாயில் ஒன்றிரண்டு துளி, பஞ்சால் ஒரு நிமிட அழுத்தம், அவ்வளவுதான். உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. வெள்ளைக்கண்ணி 10 கிராம்கூட இருக்காது, அதற்கு உச்சவரம்பே 0.1 மில்லிக்குள்தான் வரும். வேலைக்கு அதில் பாதியே போதும். மழை வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும், நனைந்த பறவை குளிரில் விறைத்துவிடும்.

இதை யாரும் சொந்தமாகச் செய்துபார்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையைப் பிடிக்க வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பயிற்சி இல்லாத கை பறவையைக் கொன்றுவிடும்.

"ஒரு துளி ரத்தத்தை வெச்சு அப்படி என்னதான் பண்ணுவீங்க?"

இரண்டாகப் பிரிப்போம். ஒரு பங்கு, டிஎன்ஏ கெடாமல் இருக்கும் திரவத்தில் போகும். மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவையின் சிவப்பணுவில் உண்டு. அதனால் துளி ரத்தத்திலேயே டிஎன்ஏ கொட்டிக் கிடக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு பறவையுடையது, ஒட்டுண்ணியுடையது துளியூண்டுதான்.

இன்னொரு பங்கு ஸ்லைடில் தேய்க்கும் ஸ்மியர். மலையில் இதுதான் கஷ்டம். சோலைக்குள் காற்றே ஈரமாக இருக்கும். ஸ்மியர் மெதுவாகக் காய்ந்தால் செல்கள் சுருங்கி, ஓட்டை விழுந்து, எதையும் அடையாளம் சொல்ல முடியாமல் போய்விடும். ஆகவே பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி முன்னால் பிடித்து, பத்துப் பதினைந்து வினாடிக்குள் உலர்த்த வேண்டும். இன்னொரு அவசரமும் உண்டு. ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து குளிர்ந்ததும், ஒட்டுண்ணியின் ஆண், பெண் நிலைகள் பூச்சியின் வயிற்றுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உருண்டு திரள ஆரம்பித்துவிடும். சில நிமிடம் தாமதித்தாலும் உண்மையான வடிவம் போய்விடும். மெக்கல்லம் பார்த்ததும் இந்த மாற்றத்தின் அடுத்த கட்டத்தைத்தான்.

அன்றைக்கே மெத்தனாலில் முக்கி நிலைப்படுத்தி, ஊருக்கு வந்தபின் ஜீம்சா சாயத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைப்போம். சாயம் கரைக்கும் தண்ணீரின் அமிலத்தன்மை சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிறமே தப்பாக வரும். வீட்டுக் குழாய்த் தண்ணீரை நம்பிச் சாயம் கரைக்காதீர்கள்.

"மைக்ரோஸ்கோப்ல பார்த்தா இது இன்னதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

எண்ணெய் லென்ஸில், ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் பார்ப்போம். முதலில் தேடுவது நிறமித் துகளை. ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்று மிச்சம் வைப்பது அது. பொன்பழுப்பாகவோ கருப்பாகவோ பொடிப்பொடியாக மின்னும். துகள் இருந்தால் பிளாஸ்மோடியம் அல்லது ஹீமோபுரோட்டியஸ். இல்லாமல், செல்லே அடையாளம் தெரியாதபடி வீங்கியோ, இரண்டு முனையும் கொம்பு போல நீண்டோ இருந்தால் லூக்கோசைட்டோசூன்.

அடுத்தது, ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகுகிறதா என்று பார்ப்பது. ஒரு சிவப்பணுவுக்குள் பல உட்கருக்களாகப் பிரிந்து நிற்கும் நிலை தெரிந்தால் பிளாஸ்மோடியம். ஹீமோபுரோட்டியஸ் பெருகுவதெல்லாம் உள்ளுறுப்புகளில், ரத்தத்துக்கு வருவது ஆண், பெண் நிலைகள் மட்டும். முந்திரிப் பருப்பு வளைந்திருப்பதுபோல அது பறவைச் செல்லின் உட்கருவை அணைத்துப் படுத்திருக்கும். பெண் நிலை அடர் நீலமாகச் சாயம் ஏறும், ஆண் நிலை வெளிறியிருக்கும். பேரினம்வரை வருவதற்கு இவ்வளவு போதும். இனத்துக்கு இறங்க வேண்டுமானால், ஒட்டுண்ணி உட்கருவைத் தொடுகிறதா, அதை ஓரமாகத் தள்ளுகிறதா, முழுவதும் சுற்றி வருகிறதா, துகள்கள் எத்தனை, உருண்டையா, குச்சியா என்று ஒவ்வொன்றையும் அளந்து குறிக்க வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களைச் சாயப்பொடி ரொம்ப ஏமாற்றும். ஃபோகஸைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். சாயப்பொடி செல்லுக்கு மேலே வேறு தளத்தில் நிற்கும், ஒட்டுண்ணி செல்லோடு சேர்ந்தே தெளியும். டிரிப்பனோசோம் என்ற வேறொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, யானைக்கால் புழுவின் உறவுக்கார நுண்புழுக்கள் எல்லாம்கூட அதே ஸ்லைடில் வந்து நிற்கும். குறைந்த பெருக்கத்தில் ஸ்லைடின் ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

"ஸ்லைடுல ஒண்ணுமே தெரியலன்னா பறவை சுத்தம்னு அர்த்தமா?"

இல்லை. காட்டில் பிடிபடும் பறவைகளில் பெரும்பாலானவை நாள்பட்ட, லேசான தொற்றோடுதான் இருக்கும். பல்லாயிரம் செல்லுக்கு ஒன்றில் ஒட்டுண்ணி இருக்கலாம். ரத்தத்தில் ஒன்றுமே இல்லாமல் உள்ளுறுப்புகளில் ஒளிந்தும் இருக்கலாம். 1937-ல் ஜேம்ஸும் டேட்டும் கோழி மலேரியாவில் இந்த ஒளிந்த நிலையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோழி ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் கேலினேசியத்தை 1935-ல் புரூம்ப்ட் விவரித்தது இலங்கையிலிருந்து போன கோழியில். பின்னாளில் மலேரியா மருந்துகளைச் சோதிக்க அது பெரிதும் உதவியது.

நன்றாகப் பறந்து திரியும் நிலையில் இருக்கும் பறவைதான் வலையில் விழும் என்பதையும் மறக்கக் கூடாது. கடும் நோயில் இருப்பது பறக்காது, புதரடியில் கிடக்கும், நம் கணக்கிலேயே வராது.

"டிஎன்ஏ டெஸ்ட் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு ஸ்லைடு, சாயம்னு?"

நான் அதிகம் வாதாடும் கேள்வி இது. டிஎன்ஏ முறையின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோக்ரோம் பி மரபணுவில் 479 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கிப் படிப்பார்கள். உலகம் முழுக்க அதே துண்டு என்பதால் கொடைக்கானல் பறவையையும் கொலம்பியா பறவையையும் ஒப்பிடலாம். 2009-ல் ஸ்வீடனிலிருந்து தொடங்கிய மால்அவி என்ற தரவுத்தளத்தில் இவை சேர்கின்றன. அப்படிப் படித்த ஒவ்வொரு எழுத்து வரிசைக்கும் முதலில் கிடைத்த பறவையின் பெயரை ஒட்டி ஒரு குறியீடு உண்டு. ஜிஆர்டபிள்யூ4 என்றால் பெரிய நாணல் கதிர்க்குருவியில் கிடைத்த நான்காவது வரிசை. ஸ்லைடில் கண்ணுக்குத் தப்பிய லேசான தொற்றையும் பிசிஆர் பிடித்துவிடும்.

ஆனால் பிசிஆர் "இங்கே டிஎன்ஏ இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். தவறான பறவைக்குள் பூச்சி இறக்கிவிட்ட ஒட்டுண்ணி, வளர முடியாமல் பாதியில் செத்துக்கொண்டிருந்தாலும் டிஎன்ஏ கிடைக்கும். அந்தப் பறவையை ஒட்டுண்ணியின் வீடு என்று எழுதிவிட்டால் தவறு. ஆண், பெண் நிலைகள் ரத்தத்தில் இருப்பதை ஸ்லைடில் பார்த்தால்தான், பூச்சிக்கு அது திரும்பப் போக முடியும் என்று சொல்லலாம். ஒரே பறவையில் இரண்டு மூன்று ஒட்டுண்ணி கலந்திருந்தால் பிசிஆர் ஒன்றை மட்டும் பெருக்கி மற்றதை விட்டுவிடுவதும் உண்டு.

ஸ்லைடு இல்லாத வரிசை, முகம் தெரியாத கைரேகை. தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான வரிசைகள் அப்படிக் கிடக்கின்றன. பின்னால் வருகிறவர் அந்த மலைக்குத் திரும்பிப் போய், அதே பறவையைப் பிடித்தாலும், அதே தொற்று கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. வலைக்கு அருகில் இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிட்டு ஒரு நல்ல ஸ்மியர் போட்டிருந்தால் அந்தக் குறை வந்திருக்காது.

"இதுவரைக்கும் யாரும் பார்க்காத வரிசை கிடைச்சா புது இனம்னு சொல்லிடலாமா?"

கூடாது. ஓர் எழுத்து மாறினாலே புது வரிசை என்று பதிவாகும், அது ஒரே இனத்துக்குள் இருக்கும் வித்தியாசமாகவும் இருக்கலாம். ஹீமோபுரோட்டியஸில் இந்தத் துண்டு 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் பெரும்பாலும் உருவமும் வேறாக இருக்கிறது என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஆனால் ஹீமோபுரோட்டியஸ் மைனுட்டஸ், ஹீமோபுரோட்டியஸ் பாலிடஸ் இரண்டும் ஸ்லைடில் தெளிவாக வேறு வேறு, மரபணு வித்தியாசமோ ஒரு சதவீதத்துக்கும் கீழே. கைக்கணக்கைச் சட்டமாக்கினால் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம்.

"அப்போ எப்பதான் புது இனம்னு அறிவிக்கலாம்?"

முந்தைய இரண்டு பதில்களையும் சேர்த்துப் படியுங்கள். நல்ல ஸ்லைடு, அதே துளியிலிருந்து வந்த மரபணு வரிசை, இரண்டும் வேண்டும். கலப்புத் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு நிலையையும் அளந்து, படம் எடுத்து, நெருங்கிய இனங்களிலிருந்து எதில் மாறுகிறது என்று எழுத வேண்டும். எந்தப் பறவை, எந்த இடம், எந்த உயரம், என்ன தேதி என்ற விவரமும் வேண்டும். அந்த ஸ்லைடை மாதிரியாக ஓர் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். கார்டன் பென்னட் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் சேர்த்த மாபெரும் பறவை ரத்த ஸ்லைடுத் தொகுப்பு, இப்போது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு காலத்தில், ஒரு பறவைக் குடும்பத்தில் கிடைத்த ஹீமோபுரோட்டியஸ் வேறு குடும்பத்துக்குப் போகாது என்ற நம்பிக்கையில், குடும்பத்துக்கு ஒரு பெயராக வைத்துக்கொண்டே போனார்கள். பெரும்பாலும் சரியான ஊகம்தான், ஆனால் விதிவிலக்குகள் வந்துவிட்டன. லித்துவேனியாவின் வால்கியூனஸ் போன்றவர்கள் உருவத்தையும் மரபணுவையும் சேர்த்து வைத்து இதைச் சரிசெய்தார்கள். கொலம்பியாவில் நூபியா மத்தாவின் குழு, ஆண்டிஸ் உயரத்தில் ஹம்மிங்பேர்டிலிருந்தும் ஆன்ட்பிட்டா என்ற தரைப்பறவையிலிருந்தும் புதிய லூக்கோசைட்டோசூன்களை 2014, 2015 வாக்கில் விவரித்தது இந்த முறையில்தான். நம் மலைகளுக்கும் அப்படிப்பட்ட பொறுமையான வேலை நிறையத் தேவை.

"கண்டுபிடிச்சா என் பேரையே வைக்கலாமா மிஸ்?"

விவரிப்பவர்தான் பெயர் வைப்பார், ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. இடம், பறவை, உருவம், அல்லது மதிக்கும் ஓர் ஆள் பெயர் வைக்கலாம். பெயருக்குப் பின்னால் விவரித்தவர் பெயரும் வருடமும் எப்படியும் வந்துவிடும்.

"ஒரே ஒட்டுண்ணி எல்லாப் பறவைக்கும் போகுமா?"

இனத்துக்கு இனம் மாறும். பிளாஸ்மோடியம் ரெலிக்டம் எத்தனையோ குடும்பத்துப் பறவைகளில் வாழும். ஹீமோபுரோட்டியஸ்கள் பொதுவாக ஒரு குடும்பத்தோடு, சில சமயம் ஓரிரு இனத்தோடு நின்றுவிடும். அதனால்தான் கணவாய்க் கேள்விக்கு இரண்டு பேரினத்துக்கும் ஒரே பதில் வராது.

பழக்கமில்லாத பறவைக்குள் போகும்போதுதான் ஆபத்து. குளிர்நாட்டுப் பெங்குவின்கள் மிருகக்காட்சிசாலைகளில் உள்ளூர்க் கொசு கடித்து மலேரியாவில் சாகின்றன. மேலே சொன்ன மைனுட்டஸ், ஐரோப்பாவின் கரும்பூங்குருவியில் அமைதியாக வாழ்கிறது. அதே ஒட்டுண்ணி கூண்டில் வளர்க்கும் கிளிகளுக்குள் போய், ரத்தத்தில் தெரியும் முன்பே உள்ளுறுப்புகளை நாசம் செய்து கொன்றிருக்கிறது.

"நம்ம கால்வாய்க் கொசுவுக்கும் மலைப் பறவைக்கும் என்னக்கா சம்பந்தம்?"

நேரடிச் சம்பந்தம். பக்கிங்காம் கால்வாயிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் ஓட்டேரி நல்லாவிலும் பிறந்து, ராத்திரி முழுக்க நம்மைக் கடிக்கும் கியூலக்ஸ் குயின்கிஃபேசியாட்டஸ்தான் ஹவாய்த் தீவுகளின் பறவைகளை அழித்த கொசு. 1826 வாக்கில் கப்பல் தண்ணீர்ப் பீப்பாய்களில் அது அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் அந்தத் தீவுகளில் கொசுவே கிடையாது. பின்னாளில் வெளியூர்ப் பறவைகளோடு பிளாஸ்மோடியம் ரெலிக்டமும் வந்தது. தரவுத்தளத்தில் ஜிஆர்டபிள்யூ4 என்று மேலே சொன்ன வரிசைதான் அங்கே இருப்பது. சிவப்பு நிற இஈவி பறவைகளுக்குச் சோதனையில் ஒரேயொரு கொசுக்கடி கொடுத்ததில் பத்தில் ஒன்பது செத்துப்போயின. தப்பியவை சுமார் 1,500 மீட்டருக்கு மேலே குளிரில் ஒதுங்கின. முன்னே சொன்ன 13 டிகிரிக் கணக்குதான் அவற்றைக் காப்பாற்றியது. பூமி சூடாக ஆக அந்தக் கோடு மேலே ஏறுகிறது, பறவைக்கு ஏற மலை மிச்சமில்லை. 2023 முதல் அங்குள்ள மாவி தீவில், வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை ஹெலிகாப்டரிலிருந்து விடுகிறார்கள். அவற்றோடு சேர்ந்த பெண் கொசுவின் முட்டை பொரிக்காது.

நம் மலைப் பறவைகள் கொசுவோடும் ஒட்டுண்ணியோடும் காலங்காலமாக வாழ்ந்தவை, ஆகவே ஹவாய்க் கதை இங்கே அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மலை நகரங்களில் சாக்கடை தேங்கி, குளிரும் குறைந்தால் கீழ்நாட்டு ஒட்டுண்ணிகளுக்கு மேலே போக வழி கிடைக்கும். எந்த உயரத்தில் எது இருக்கிறது என்று இப்போதே பதிந்து வைத்தால்தான் நாளைக்கு மாற்றம் தெரியும்.

"ஒரு கொசுவுக்குள்ள ஒட்டுண்ணி டிஎன்ஏ கிடைச்சா, அந்தக் கொசுதானே பரப்புது?"

அவசரப்படக் கூடாது. நோயுள்ள பறவையைக் கடித்த எந்தக் கொசுவின் வயிற்றிலும் அந்த டிஎன்ஏ இருக்கும், ஒட்டுண்ணி செரித்துப்போய்க்கொண்டிருந்தாலும். பறவை விஷயத்தில் சொன்ன அதே எச்சரிக்கைதான். ஒட்டுண்ணி அடுத்த பறவைக்குத் தொற்றும் நிலையான, ஊசி போன்ற ஸ்போரோசோயிட்டுகளை உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்ணால் பார்த்தால்தான் அந்தக் கொசு நோயைக் கடத்துகிறது என்று சொல்ல முடியும். ராஸ் 1898-ல் செய்தது அதைத்தான்.

"மருந்து குடுத்துக் காப்பாத்த முடியாதா?"

கூண்டில் இருக்கும் பறவைக்குக் கொடுக்கலாம், பெங்குவின்களுக்கு மலேரியா மாத்திரைகள் கொடுக்கிறார்கள். காட்டுப் பறவைக்கு வழியில்லை. புறா சோர்ந்திருந்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"நோய் கொடுக்கற ஒட்டுண்ணி அழிஞ்சா நல்லதுதானே, அதைப் போய் ஏன் பதிவு பண்றீங்க?"

ஒரே பறவை இனத்தை நம்பி வாழும் ஒட்டுண்ணி, அந்தப் பறவை போனால் கூடவே போய்விடும். பழனிச் சிரிப்பானுக்குள் மட்டும் வாழும் ஏதாவது இருந்தால், அது அந்தச் சில மலையுச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இருக்காது. அந்தப் பறவையோடு அது வாழக் கற்றுக்கொண்டிருக்கும், பறவையும் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருக்கும். அந்த உறவுக்குள் மலையின் வரலாறு இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுவும் சோலையின் ஓர் உயிர்தான், புலிக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு துளியாவது அதற்கும் கிடைக்க வேண்டும்.

"காலேஜ்ல விலங்கியல் படிக்கிறேன். இந்த வேலைக்கு வர இப்பவே என்ன பண்ணலாம்?"

மலைக்குப் போகும் முன் கையைப் பழக்குங்கள். கோழிக்கடையில் அறுத்த உடனே, உறையும் முன், ஒரு துளி ரத்தம் கேட்டு வாங்கினால் ஸ்மியர் போட்டுப் பழகலாம். கையுறை கட்டாயம். மெத்தனால் விஷம், கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் இருக்கும்போது மட்டும் தொடுங்கள். முதலில் நல்ல சிவப்பணு, வெள்ளையணு, பறவைக்கே உரிய உட்கருவுள்ள தட்டணு மூன்றையும் தயங்காமல் பிரித்துச் சொல்ல வர வேண்டும். இயல்பானது மனப்பாடம் ஆகாமல் ஒட்டுண்ணி கண்ணில் படாது.

அப்புறம், சோலைப் பறவைகளை ஆராயும் குழு திருப்பதி ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, சென்ட்ரலிலிருந்து ரயிலில் சில மணி நேரம்தான். கோயம்புத்தூர் ஆனைகட்டியில் சாக்கான் என்ற சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. பறவை பிடித்து வளையமிடும் பயிற்சிக்கு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைக் கேளுங்கள். போகும்போது நீங்கள் போட்ட ஸ்லைடுகளில் நல்லதாக நாலைந்து எடுத்துப்போங்கள், மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் பேசும். ஸ்லைடின் ஓரத்தில் பறவை, இடம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்துவிடும்.